மருமகனின் பீங்கான்

ஆணம் அடிப்பிடிக்கிற மணம் வந்ததும் ஹுனைஸ் குசினித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் கேஸ் அடுப்பைத் திருகி அணைத்தான். அணைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருசம். மாமியின் குசினிக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

மாமி சாரா உம்மா முன்னறைக் கட்டிலில் வெள்ளைச் சீலை மூடிக் கிடந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு முன்புவரை இந்தக் குசினியில்தான் இருந்தார். துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பாதி துருவிய தேங்காய் இன்னும் தரையில் கிடந்தது. அடுப்பில் சிறு தீயில் விட்டிருந்த கீரி மீன் புளியாணக் குழம்பு, பக்கத்துச் சட்டியில் முருங்கைக்கீரைச் சுண்டல், மூடி வைத்த பானையில் சிவப்பரிசிச் சோறு. காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் ஆக்கி இறக்கிவிடுவது அவர் வழக்கம்.

மனைவி றிஸ்லா "உம்மா!" என்று கத்தியபோது ஹுனைஸ் ஓடித்தான் வந்தான். வந்தவன் திரைக்கு வெளியே நின்றுவிட்டான். கை திரையைப் பிடித்திருந்தது, கால் வரவில்லை. உள்ளே மாமி எப்படிக் கிடக்கிறாரோ, தலையில் முட்டாக்கு இருக்கிறதோ இல்லையோ என்று அந்த நேரத்திலும் அவனுக்கு யோசனை ஓடியது. அவன் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் பின்வாசலால் ஓடி வந்து, பெண்கள் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள்.

டொக்டர் வந்து பார்த்தார். "விழக்குள்ளயே உசிர் போயிட்டு. ஆரு என்ன செஞ்சாலும் ஒண்டும் ஏலாது" என்றார். அந்தச் சொல் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. ஹுனைஸுக்கு மட்டும் இல்லை.

இந்தக் காலத்தில் எந்த வீட்டில் மாமி மருமகனுக்கு முன்னால் வராமல் இருக்கிறார் என்று ஆலங்குடா ஊரே அவர்களைப் பார்த்துச் சிரிக்கும். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் பறக்கிறார்கள், இந்த வீட்டில் இன்னும் திரை தொங்குகிறது என்று உம்மு குல்சூமே பகிடி பண்ணுவாள். மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் கிடையாது. மருமகன் மகனுக்குச் சமம் என்று பள்ளியில் மௌலவி பயான் பண்ணும்போது சாரா உம்மா ஒலிபெருக்கியில் வருவதை வீட்டிலிருந்து தலையாட்டிக் கேட்பார். கேட்டு முடிந்ததும் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவார். வெக்கம் வேறு, சட்டம் வேறு.

றிஸ்லா வீட்டில் இருந்தால் சாப்பாடு அவள் கையால் வரும். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன நாட்களில் திரைக்குக் கீழால் ஒரு கை மட்டும் வந்து, சோற்றுப் பீங்கானைச் சின்ன மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாமி பூனையிடம் சொல்வார். "ஆணம் ஆறினா நல்லாருக்காது, என்ன பூனே?" ஹுனைஸும் பூனைக்குத்தான் பதில் சொல்வான். "இந்தா திங்கிறன், பூனே." அந்தப் பூனைக்கு இவ்வளவு மரியாதை வேறு எந்த வீட்டிலும் கிடைத்திராது.

ஆரம்பத்தில் பெரிய வில்லங்கம் ஒன்று நடந்தது. ஹுனைஸ் மன்னாரான். தொண்ணூறில் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றியபோது ஐந்து வயதுப் பிள்ளையாகத் தோணியில் கற்பிட்டிக்கு வந்து, கிடுகுக் கொட்டிலில் நிவாரண அரிசி தின்று வளர்ந்தவன். பீங்கானில் ஒரு பருக்கை மிஞ்சினால் உம்மா முதுகில் போடுவா. ஆகவே மாமி அனுப்பிய சோற்றை முதல் நாள் வழித்துத் துடைத்துத் தின்றான். இந்த வீட்டுக் கணக்கு வேறு. பீங்கானைத் துடைத்து வைத்தால் பசி ஆறவில்லை என்று அர்த்தம். மாமி பதறிப்போய் அடுத்த பீங்கானை அனுப்பினார். அதையும் துடைத்தான், விட்டால் மரியாதைக் கேடு. மறுநாள் இரண்டு பிடி கூட. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பிடி. இறால் போட்ட பூசணிக்காய், கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காயும் சூடைக் கருவாடும், பருப்பு, மாசிச் சம்பல், எல்லாம் மலையாகக் குவிந்து வந்தன. இரண்டாம் மாதம் ஹுனைஸின் கலியாணச் சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லை. குசினிக்குள் மாமி, "இந்தப் புள்ளட வயித்துக்கு நான் எங்க போவன், யா அல்லாஹ்" என்று அழாக்குறையாக நின்றிருக்கிறார்.

விசயம் தெரிந்து றிஸ்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே ஒரு வழி செய்தாள். தின்று முடித்ததும் தண்ணீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பீங்கானுக்குள் வைத்தால் போதும் என்று அர்த்தம். பூனையிடம் சொல்வதை விட்டால், பதினாலு வருசமாக மருமகனும் மாமியும் பேசிக்கொண்ட பேச்சு இவ்வளவுதான். அவன் கோப்பையைக் கவிழ்ப்பான், அவர் பீங்கானை எடுப்பார். கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன் என்பதால் பகல் சாப்பாட்டோடு சாறு பிழியாத அரைத் தேசிக்காய் ஒன்றும் வரும், கையில் ஒட்டிய ஒயில் போகத் தேய்ப்பதற்கு. ஒரு நாளாவது அந்தத் தேசிக்காய் விடுபட்டதை அவன் கண்டதில்லை. நல்லாருக்கு என்று ஒரு நாளாவது அவன் சொன்னதும் இல்லை.

உம்மு குல்சூம் குசினிக்குள் வந்து சட்டிகளைத் திறந்து பார்த்தாள்.

"மையித்து ஊட்டுல மூணு நாளைக்கு அடுப்பு மூட்ட ஏலா. சாப்பாடெல்லாம் நாங்க கொண்டு வருவம். ஆக்கி வெச்ச இத என்ன செய்ற?"

வாசலில் நின்ற றிஸ்லா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கொட்ட வேணாம். கபுறு வெட்டுற ஆக்கள் விடியத்துல இருந்து ஒண்டும் திண்டிருக்க மாட்டாங்க. பேக்கரியில பாணும் வாங்கிக் குடுத்து விடுங்க."

சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு ஹுனைஸே மையவாடிக்குப் போனான். கபுறு வெட்டுகிற முஆஸ் இடுப்பளவு குழிக்குள் நின்றான். இங்கே எல்லாம் மணல், வெட்ட வெட்டச் சரியும். பக்கங்களுக்குப் பலகை கொடுத்துக் கொடுத்துத்தான் இறங்க வேண்டும். முஆஸும் மற்ற இரண்டு பேரும் கை கழுவி வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து பாணைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்தார்கள்.

இரண்டு வாய் தின்றுவிட்டு முஆஸ் நிமிர்ந்தான். "இது ஆருட கை?"

"மாமிட."

"மையித்தா?"

"ஓம்."

முஆஸ் கையிலிருந்த பாணை இன்னொரு தடவை ஆணத்தில் தோய்த்தான். "அல்லாஹ் அந்தக் கைக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும். புளியும் உப்பும் அப்பிடியே நிக்குது."

"நல்லாச் சமைப்பா" என்றான் ஹுனைஸ். இந்த இரண்டு சொல்லைச் சொல்லப் பதினாலு வருசம் எடுத்திருக்கிறது, அதையும் மண்வெட்டிக்காரனிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சட்டியைப் பாணால் துடைத்து எடுத்துக்கொண்டே முஆஸ் கேட்டான். "நீங்கதானே மையித்த வாங்க உள்ள எறங்குவீங்க? மனுசிக்கு ஆம்புளப் புள்ள இல்லத்தானே."

ஹுனைஸ் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. காலையில் திரைக்கு வெளியே நின்றுவிட்டான். மாமியைத் தூக்க இன்னும் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. அது இதே குழிக்குள், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்தபோது மாமியின் தம்பி அத்தாஉல்லா புத்தளத்திலிருந்து இரண்டு மகன்மாரோடு வந்து சேர்ந்திருந்தார். வந்த கையோடு எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துவிட்டார். கபன் துணி, சந்தூக்கு, பள்ளி அறிவித்தல் எல்லாம் அவர் வாயால் நடந்தன. முற்றத்தில் மௌலவியிடம் அவர் சொல்வது சனம் உட்காரக் கதிரை தூக்கிக்கொண்டு போன ஹுனைஸின் காதில் விழுந்தது.

"கபுறுக்குள்ள நானும் என்ட மகன்மார் ரெண்டு பேரும் எறங்குவம். மூணு பேர் போதும்."

மூன்று பேருக்குமேல் குழியில் இடமில்லை. ஹுனைஸ் கதிரைகளை வரிசையாக அடுக்கினான். அடுக்கியதைத் திரும்பவும் இழுத்து அடுக்கினான். மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனியில் நின்றது, நின்றதோடு சரி. எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிடுவான், நாலு பேருக்கு முன்னால் நாலு சொல் கோத்துப் பேச அவனுக்கு வராது.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மையித்தைக் குளிப்பாட்டி முடித்து, றிஸ்லா அவனைப் பின்பக்கம் கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா சொன்னதக் கேட்டன்."

"ம்."

"உங்கட முகத்தையும் பாத்தன். உங்களுக்கு எறங்கணும்."

அவன் கிணற்றடியில் சரிந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தான்.

"வாயத் தொறந்து கேளுங்க. உம்மா இருந்த காலம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நான் நிண்டன். அவ சொன்னத உங்கட்டச் சொன்னன், நீங்க சொல்லாததையும் நான்தான் போய்ச் சொன்னன். மையவாடிக்கு நான் வர ஏலா. அங்க நடுவில ஆளில்ல."

"சொல்லாததையும் சொன்னயா?"

"இல்லாட்டி? 'அவருக்குப் பூசணிக்கா புடிச்சிருக்காம் உம்மா, கணவாய் புடிச்சிருக்காம் உம்மா' எண்டு நானாச் சொல்லுவன். உம்மா நம்ப மாட்டா. 'அந்தப் புள்ள சொல்லாது, நீதான் கட்டிச் சொல்ற' எண்டுவா. ஆனா சிரிப்பா."

றிஸ்லா உள்ளே போனாள். ஹுனைஸ் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அந்த நாற்பது நாள் ஞாபகம் வந்தது.

ஆறு வருசத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பிள்ளை தங்கி, ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. ஹுனைஸ்தான் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தான். வந்தவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் றிஸ்லாவைத்தான் பார்த்தார்கள், பார்க்கவும் வேண்டும்தான். அவன் மறுநாளே எஞ்சின் கொட்டிலுக்குப் போய்விட்டான். பகல் சாப்பிட வந்தபோது திரைக்குக் கீழால் பீங்கான் வந்தது. மிளகும் உள்ளியும் அரைத்த ஆணம், பால் சுறா வறை, குழைந்த சோறு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு அது. பீங்கான் மாறிவிட்டது என்று நினைத்து, "இது றிஸ்லாட பீங்கான், பூனே" என்றான். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பின்னேரம் றிஸ்லா கட்டிலில் படுத்தபடி சொன்னாள்.

"மாறல்ல. 'அவருக்கும்தானே புள்ள போனது' எண்டு உம்மா சொல்றா."

நாற்பது நாளும் இரண்டு பீங்கான் பத்தியம் வந்தது. ஹுனைஸ் அழுதது அந்தச் சோற்றைத் தின்றுகொண்டுதான். திரைக்கு அந்தப் பக்கம் மாமிக்கு அது கேட்டிருக்கும். அந்த நாற்பது நாளும் அவன் தின்று முடிக்கும்வரை அவர் அடுப்படியில் ஒரு சட்டியைக்கூட அசைக்கவில்லை. தன் உம்மா செய்யாததைச் செய்தார் என்று சொல்ல அவனுக்கு மனம் வராது, ஆனால் வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

அஸர் தொழுது, ஜனாஸாத் தொழுகை முடித்து, சந்தூக்கைத் தோள்மாற்றித் தோள்மாற்றி மையவாடிக்குக் கொண்டுவந்தார்கள். பெண் மையித்து என்பதால் நாலு பேர் கபுறுக்கு மேலே பச்சைத் துணி ஒன்றை விரித்துப் பிடித்தார்கள். அத்தாஉல்லா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். மூத்த மகன் இறங்கினான். இளையவன் குழி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டான்.

"மாமா, நான் எறங்குறன்."

சொன்னது தன் குரல்தானா என்று ஹுனைஸுக்கே சந்தேகமாக இருந்தது. நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அத்தாஉல்லா குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தார். கோபம் இல்லை, சங்கடம்தான். "மருமகன், கோவிக்காதீங்க. ராத்தா உங்கட முன்னுக்கு வராத மனுசி. அவட நிழல்கூட உங்கள்ல பட்டிருக்காது. எழும்பி வேணாம் எண்டு சொல்ல ஏலாம அவ கெடக்கக்குள்ள, அவட வெக்கத்த நாம அழிக்கிறதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஹுனைஸைக் குத்தியது. பேசாமல் பின்வாங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. காலையிலும் இதே மாதிரித்தான் தோன்றியது.

"விடிய அவ விழக்குள்ள நான் திரைக்கு வெளிய நிண்டன், மாமா. வெக்கம் எண்டு நிண்டன். தூக்கல்ல." குழி விளிம்பை நோக்கி இன்னும் ஓர் அடி வைத்தான். "பதினாலு வருசம் அவட கையால திண்டன். நல்லாருக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல. என்ட புள்ள போன நேரம் எனக்கும் பத்தியம் வெச்ச மனுசி அது. உங்கட ராத்தாதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. எனக்கும் உம்மா மாதிரித்தான். ஒரு தரம் தூக்க விடுங்க."

மௌலவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தாஉல்லா கையைக் காட்டி நிறுத்தினார். "சட்டம் எனக்கும் தெரியும், மௌலவி." பிறகு குனிந்து கீழே மணலைக் காலால் சமன்படுத்தினார். பத்தியம் வைத்த கதை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை போலும்.

"நீ மேல நில்லு" என்றார் இளைய மகனிடம். "மருமகன், வாங்க. தலப் பக்கம் நில்லுங்க."

ஹுனைஸ் இறங்கினான். தலைக்கு மேலே துணி விரிந்திருந்தது. உள்ளே வெளிச்சம் பச்சையாக விழுந்தது. மாமியும் மருமகனும் ஒரே திரைக்கு ஒரே பக்கத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை, இனி இல்லை.

மேலேயிருந்து மையித்து இறங்கியது. பதினைந்து குதிரைவலு எஞ்சினை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்குகிறவன் கைகள் இரண்டையும் நீட்டி, தலையையும் தோளையும் வாங்கினான். மூவருமாக வடக்கே தலைவைத்து, வலப்பக்கம் சரித்து, கிப்லாவை நோக்கிக் கிடத்தினார்கள். அத்தாஉல்லா ஓத வேண்டியதை ஓதினார்.

"தலக் கட்ட அவிழ்த்து, கன்னத்த மண்ணுல வைங்க."

ஹுனைஸ் முடிச்சை அவிழ்த்தான். முகத்தைப் பார்த்தான். நெற்றியில் தொழுது தொழுது விழுந்த சுஜூது வடு. தாடைக்குக் கீழே ஒரு சின்ன மச்சம், றிஸ்லாவுக்கு இருக்கிற அதே இடத்தில். அவளுடைய மச்சம் உம்மாவிடமிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மணலைக் கையால் அணைத்து உயர்த்தி, கன்னத்துக்கு மெத்தென்று இருக்கும்படி வைத்தான்.

"மாமி" என்றான். சொல்லத் தேக்கி வைத்திருந்த மற்றவை ஒன்றும் வரவில்லை. அத்தாஉல்லா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மேலே மூடுகிற பலகைக்குக் கை நீட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அந்தி மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. முற்றத்தில் சனம் குறைந்திருந்தது. பின்பக்கத்தில் றிஸ்லா தனியாக நின்றாள். எறங்கினீங்களா என்று அவள் கேட்கவில்லை, சாரத்திலும் சட்டைக் கையிலும் மணல் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"பாரமா இருந்தாவா?"

"இல்ல."

"எப்பிடித் தூக்கினீங்க?"

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். உள்ளங்கைகள் மேலே பார்த்திருந்தன, தலை வந்த பக்கம் வலது கை கொஞ்சம் உயர்ந்திருந்தது. "இப்பிடி" என்றான். றிஸ்லா அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் கையை மடக்கவில்லை.

பின்வாசலால் உம்மு குல்சூம் வேகமாக வந்தாள். துணியால் சுற்றிய பெரிய சோற்றுச் சட்டி ஒன்று அவள் கையில் இருந்தது. நீட்டியிருந்த கைகளைப் பார்த்ததும், தன்னைத்தான் எதிர்பார்த்து நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்ல நேரம் கைய நீட்டினீங்க. புடிங்க, சூடு" என்று சட்டியை அவற்றின் மேல் வைத்துவிட்டு, ஆணத்தை எடுத்துவரத் திரும்பி ஓடினாள்.

ஹுனைஸ் அதைக் கீழே வைக்காமல் நின்றான்.